கண் எரிகிறது, வேலை முடியவில்லை: கணினி முன் உட்காருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மெய்ப்புப் பார்ப்பவன். பதினேழு வருடமாகத் தமிழ்ப் புத்தகங்களில் பிழை திருத்துகிறேன். முதல் சில வருடங்கள் தாளில் பார்த்தேன், அப்புறம் முழுக்க முழுக்கத் திரையில். ‘ன’வின் தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று நாளெல்லாம் உற்றுப் பார்ப்பதுதான் பிழைப்பு. கண் மக்கர் செய்தால் அன்றைய சோறு போச்சு. அதனால் இந்த விஷயத்தில் கண் டாக்டர்களிடம் கேட்டது, தேடிப் படித்தது, பட்டுத் தெரிந்துகொண்டது என்று கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. டிடிபி செய்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள், சாஃப்ட்வேரில் இருக்கும் தம்பி தங்கைகள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் பார்த்தால் கண் கெட்டுப்போகுமா?

பெரியவர்களுக்கு, அந்தப் பொருளில், இல்லை. எரிச்சல், உறுத்தல், கண்ணில் மணல் விழுந்தாற்போல ஒரு அரிப்பு, மாலையில் எழுத்து மங்குவது, புருவத்துக்கு மேல் தலைவலி, பிடரி இறுகுவது எல்லாம் வரும். இவை அசதியின் அறிகுறிகள். திரையை விட்டு விலகி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். திரையைப் பார்த்துப் பார்த்தே விழித்திரை பாழாகிப் பார்வை போயிற்று என்று எந்த டாக்டரும் என்னிடம் சொன்னதில்லை. சின்னப் பிள்ளைகள் கதை வேறு. அதற்குக் கீழே வருகிறேன்.

அசதிதானே என்று அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. சரியில்லாத கண்ணாடி, சர்க்கரை, கண்ணழுத்தம் என்று வேறொன்று இந்த அசதியின் போர்வைக்குள் ஒளிந்திருக்கலாம்.

கெடவில்லை என்றால் ஏன் இப்படி எரிகிறது?

முதல் குற்றவாளி இமை. சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறையாவது கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது 5, 6 என்று இறங்கிவிடுகிறது. அதோடு, சிமிட்டுகிற கொஞ்சமும் பாதிச் சிமிட்டலாகப் போய்விடுகிறது. மேல் இமை நடுவழி வரை வந்து திரும்பி ஓடிவிடும். கீழ் இமையைத் தொடவே தொடாது.

சிமிட்டாவிட்டால் என்ன? கண்ணின் மேல் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. அடியில் சளி போன்ற ஒரு பூச்சு, அதன் மேல் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். இந்த எண்ணெய், இமைகளின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் போல இது தண்ணீரை மூடி வைத்து, ஆவியாகாமல் காக்கிறது. இமை முழுசாக மூடித் திறக்கும் அழுத்தத்தில்தான் இந்தச் சுரப்பிகளிலிருந்து எண்ணெய் ஒழுங்காக வெளியே வரும், கண்ணீரும் புதிதாகப் பூசப்படும். வீட்டு வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தெளிப்பதை நிறுத்தினால் தரை காய்கிறது, புழுதி கிளம்புகிறது.

தாளில் படிக்கும்போது இத்தனை காய்வதில்லையே என்று ஒரு மூத்த மெய்ப்பாளர் கேட்டார். தாளில் படித்தாலும் சிமிட்டல் குறையத்தான் செய்யும். ஆனால் தாளைக் கீழே வைத்துக் குனிந்து படிக்கிறோம், இமை பாதி மூடியிருக்கிறது, காற்றுப் படும் பரப்பு குறைவு. திரை நேர் எதிரே இருப்பதால் கண்ணை அகலத் திறந்து வைக்கிறோம். மேசையில் நேராக நிற்கும் மானிட்டரைக் கொஞ்சம் இறக்கினாலே சிலருக்கு எரிச்சல் குறைவது இதனால்தான்.

காய்ந்து போகிறது என்கிறீர்கள். எனக்குத் தண்ணீராகக் கொட்டுகிறதே?

அதுவும் காய்வதன் விளைவுதான். மேற்பரப்பு காய்ந்து எரிச்சல் கண்டதும், வெங்காயம் நறுக்கும்போது வருவது போல, கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாகக் கொட்டுகிறது. அதில் எண்ணெய் போதாது என்பதால் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும், அடுத்த நிமிடம் மறுபடி காயும்.

சாயங்காலம் வெளியே வந்தால் பஸ் பலகை தெரிவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தெளிகிறது. ஏன்?

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு தசை இருக்கிறது. கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் அந்தத் தசை இறுக வேண்டும். அப்போதுதான் லென்ஸ் தடித்துக் கிட்டத்துப் பொருள் தெளிவாகும். தூரத்தில் பார்க்கும்போது தசை தளரும். எட்டு மணி நேரம் இறுகியே இருந்த தசை, எழுந்தவுடன் சட்டென்று தளர மறுக்கிறது. தலையில் பாரம் சுமந்தவன் இறக்கி வைத்த பிறகும் கழுத்தைத் திருப்பக் கொஞ்ச நேரம் ஆகிறதல்லவா, அப்படி.

இரண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் திரும்பி நிற்பதும் ஒரு வேலை. கட்டைவிரலை மூக்குக்கு நேரே கொண்டுவந்து அதையே அரை நிமிடம் பாருங்கள், எவ்வளவு சிரமம் என்று தெரியும். திரையில் அவ்வளவு கிட்டம் இல்லை, ஆனால் மணிக்கணக்காக.

ஐந்து பத்து நிமிடத்தில் தெளிந்தால் கவலை வேண்டாம். தெளியவே மாட்டேன் என்றால் பவர் பார்க்க வேண்டும்.

இருபது-இருபது-இருபது விதி என்கிறார்களே, உண்மையில் பலன் உண்டா?

20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் இருப்பதை, 20 விநாடி பார்ப்பது. ஜெஃப்ரி ஆன்ஷல் என்ற கலிஃபோர்னியா கண் பரிசோதகர் 1990-களில் பரப்பிய வழி இது. எண்கள் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஆட்களுக்கு மறக்காது என்பதே அதன் அழகு. 19 நிமிடம் என்றால் தப்பு, 21 என்றால் ஆபத்து என்று எதுவும் இல்லை. 20 அடி, அதாவது 6 மீட்டருக்கு அப்பால் பார்த்தால் அந்தத் தசை ஏறத்தாழ முழுசாகத் தளர்ந்துவிடும் என்பது மட்டும் இதில் கண்ணின் கணக்கு.

என் அனுபவத்தில் 20 விநாடி போதவில்லை. கைப்பேசியில் அலாரம் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அலாரம் அடிக்க அடிக்கக் கை தானாகப் போய் அணைத்தது. இப்போது நான்கு பக்கம் முடிந்தால் எழுந்திருப்பது என்று வேலையோடு முடிச்சுப் போட்டுவிட்டேன். பால்கனிக்குப் போய் எதிர்த் தெரு வேப்பமரத்தில் காக்காய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். திரையை விட்டு எழுந்து கைப்பேசியை எடுப்பது ஓய்வில் சேராது, அது கண்ணுக்கு இன்னும் கிட்டத்து வேலை.

இது புதுப் புத்தி ஒன்றும் இல்லை. தொழில் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1700-களின் தொடக்கத்திலேயே நுண்வேலை செய்பவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்: எந்நேரமும் குனிந்து வேலையையே பார்க்காதே, அவ்வப்போது கையிலிருப்பதை வைத்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பு என்று. அன்றைக்கு மானிட்டர் ஏது?

ப்ளூ கட் கண்ணாடி வாங்கலாமா? கடையில் கட்டாயம் போடச் சொல்கிறார்கள்.

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. வாங்கினால் கெடுதல் இல்லை. ஆனால் கண் அசதி குறையும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் இது பற்றி 17 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போட்டவர்களுக்கும் சாதாரணக் கண்ணாடி போட்டவர்களுக்கும், குறுகிய காலத்தில் கண் அசதியில் வித்தியாசம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்பதே அது கண்ட முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் சங்கமும் கணினி வேலைக்கென்று இந்தக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் ஒரு பெரிய கண்ணாடிக் கடைக் குழுமம், திரையின் நீல ஒளி விழித்திரையைச் சேதப்படுத்தும் என்று பயம் காட்டி விளம்பரம் செய்ததற்காக 2017-ல் 40,000 பவுண்டு அபராதம் கட்டியது.

யோசித்தாலே புரியும். காலையில் மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது வானத்திலிருந்து வரும் நீல ஒளியோடு ஒப்பிட்டால், திரையிலிருந்து வருவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் இந்தப் பூச்சு ஒரு பங்கைத்தான் தடுக்கிறது. நமக்கு எரிவதோ சிமிட்டாததால், தசை இறுகியதால். இந்த இரண்டையும் கண்ணாடியில் பூசும் பூச்சு என்ன செய்ய முடியும்?

கடைக்காரர் நீலக் கதிரைக் கண்ணாடியில் அடித்துக் காட்டி, பின்னால் இருக்கும் அட்டையில் படவில்லை பாருங்கள் என்பார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த விளக்கு வேறு, உங்கள் மானிட்டர் வேறு. அந்தக் காசுக்குக் கண்ணை ஒழுங்காக ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளலாம். ஒளி எதிரொளிக்காமல் இருக்க ஒரு பூச்சு உண்டு. ட்யூப்லைட் கண்ணாடியில் பளபளப்பது உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் அதற்குச் செலவழிக்கலாம்.

அப்படியென்றால் ராத்திரியில் திரையை மஞ்சளாக்குவதும் வீணா?

எரிச்சலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இரவில் வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும், அதில் நீல ஒளிக்குப் பங்கு உண்டு என்பது உண்மை. மஞ்சளாக்கிவிட்டு ஒரு மணி வரை வீடியோ பார்த்தால் தூக்கம் எங்கே வரும், சொல்லுங்கள்.

டார்க் மோட் நல்லதா?

இருட்டறையில் நன்றாக இருக்கும். பகலில், வெளிச்சமான அறையில், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் படிப்பதுதான் பெரும்பாலோருக்குச் சுலபம். கறுப்புப் பின்னணியில் கண்ணின் பாவை விரிகிறது. அப்போது கண்ணின் சின்னக் குறைகளும் பெரிதாகத் தெரியும். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லாத குறைக்குப் போடுவது) உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒரு கசிவு மாதிரி வரும். எனக்கு இரண்டு கண்ணிலும் சிலிண்டர் உண்டு. டார்க் மோடில் மெய்ப்புப் பார்த்த ஒரு வாரம் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் சண்டை மூட்டிவிட்டேன், புள்ளிகள் பாதி கரைந்து போயின. தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் நெருக்கம். ஆங்கில நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒத்துவருவது நமக்கும் ஒத்துவர வேண்டும் என்று இல்லை.

எந்த மோடாக இருந்தாலும் எழுத்தைப் பெரிதாக்குங்கள். நான் தமிழை எப்போதும் 150 சதவீதத்தில்தான் பார்க்கிறேன். எழுத்து சின்னதாக இருந்தால் நமக்கே தெரியாமல் தலை முன்னால் போகும், தூரம் குறையும்.

மானிட்டரை எங்கே, எப்படி வைப்பது?

ஒரு கை நீளம் தள்ளி. 50 முதல் 70 சென்டிமீட்டர் வரை வசதிப்படி. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருக்கட்டும், நடுப்பகுதி கண்ணுக்கு ஒரு சாண் போலக் கீழே வரும். லேப்டாப்பில் பிரச்சினையே திரையும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான். திரை சரியான உயரத்துக்கு வந்தால் கை தொங்கும், கை சரியானால் கழுத்து தொங்கும். அதன் அடியில் நாலு பழைய பஞ்சாங்கம் வைத்து உயர்த்தி, தனியாக ஒரு கீபோர்டு வாங்கிவிடுங்கள். நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அந்தக் கீபோர்டுதான்.

அடுத்து வெளிச்சம். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் ஜன்னல் தெரியும், எதிரே இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் வருமாறு உட்காருங்கள். பிரைட்னஸ் எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய வழி: திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரி எரிந்தால் குறையுங்கள், சாம்பல் பூத்தால் கூட்டுங்கள். இரண்டும் ஒன்று போலிருந்தால் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரை வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்யும் பழக்கம் பல இளைஞர்களுக்கு இருக்கிறது. வேண்டாம்.

எல்லாரும் மறப்பது காற்றை. ஏசியின் காற்று நேரே முகத்தில் அடித்தால் எந்தச் சொட்டு மருந்தும் நிற்காது. மேசை மின்விசிறி இன்னும் மோசம். ஏசியின் இறக்கையை மேலே திருப்புங்கள், முடியாவிட்டால் நாற்காலியை நகர்த்துங்கள். அலுவலகத்தில் இருக்கை மாற்றித் தரமாட்டேன் என்றால், ஏசியின் வாயில் ஒரு அட்டையை ஒட்டியாவது காற்றைத் திருப்பலாம். அழகாக இருக்காது.

எனக்கு நாற்பத்து மூன்று. தூரமும் தெரிகிறது, புத்தகமும் ஓரளவு தெரிகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் தலைவலி. ஏன்?

வெள்ளெழுத்து, அதாவது வயதாவதால் கிட்டத்து எழுத்து மங்குவது, வாசலில் நிற்கிறது. உள்ளே வா என்று சொல்லிவிடுங்கள், சண்டை போட்டுப் பயன் இல்லை.

பத்து வயதுப் பையன் ஏழெட்டு சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்தையும் படிப்பான். நாற்பதில் அது இருபது சென்டிமீட்டரைத் தாண்டிவிடும், ஐம்பதை நெருங்கும்போது கையை நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். கண்ணின் லென்ஸ் வருடா வருடம் விறைத்துக்கொண்டே போகிறது, தசை எவ்வளவு இறுகினாலும் அது தடிக்க மறுக்கிறது. ஒரு கடிதத்தைப் படிக்க ஒரு நிமிடம் தம் பிடித்துவிடலாம். எட்டு மணி நேரம் பிடிக்க முடியுமா?

இங்கேதான் பலர் நான் செய்த தவற்றைச் செய்கிறார்கள். எனக்கு முதலில் புரோக்ரசிவ் கண்ணாடி கொடுத்தார்கள், மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் ஒரு ஒடுக்கமான சந்தாக இடைத்தூரம். வண்டி ஓட்ட, கடைக்குப் போக அருமை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்தச் சந்தைப் பிடிப்பதற்காக நாள் முழுக்க மோவாயைத் தூக்கிக்கொண்டு, வானத்தில் கொக்கு பார்ப்பவன் மாதிரி இருந்தேன். மூன்று மாதத்தில் கழுத்து வலி. எலும்பு டாக்டர், பிசியோதெரபி என்று காசு கரைந்தது. கடைசியில் ஒரு கண் டாக்டர், “உங்க மானிட்டர் எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை.

கணக்கு எளிது. 40 சென்டிமீட்டரில் புத்தகம் படிக்கக் கண்ணுக்கு 2.5 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) அளவு கூடுதல் குவிப்பு வேண்டும். 60 சென்டிமீட்டரில் இருக்கும் திரைக்கு ஏறக்குறைய 1.67 போதும். அதனால் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தால் மங்கும், தலையை முன்னால் நீட்டுவோம். திரைத் தூரத்துக்கென்று தனியாக, முழுக் கண்ணாடியும் ஒரே பவராக ஒன்று வாங்கி மேசையிலேயே வைத்துக்கொண்டேன். பிரேம் சாதாரணமானது, லென்ஸும் விலை அதிகமில்லை. கழுத்து வலி போயிற்று. இதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது, தூரம் மங்கும்.

பவர் ரொம்பக் குறைச்சல்தான். இப்போதே கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடுமே?

ஏறாது. கண்ணாடி போட்டதால் வெள்ளெழுத்து வளர்ந்தது என்பது, குடை பிடித்ததால் மழை வலுத்தது என்பது போல. 0.5 சிலிண்டர்கூட நாள் முழுக்கத் திரை பார்ப்பவருக்குத் தலைவலி தரப் போதும்.

கண் பயிற்சி செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாமா?

முடியாது. இரண்டு கண்ணும் சேர்ந்து குவிவதில் குறை இருப்பவர்களுக்கு டாக்டர் சில பயிற்சிகள் கொடுப்பார், அது வேறு. நான் செய்யும் ஒரே பயிற்சி: கண்ணை மெல்ல மூடி இரண்டு எண்ணுவது, திறப்பது, மறுபடி மூடி லேசாக இறுக்குவது, திறப்பது. பாதிச் சிமிட்டல் பழக்கத்தை உடைக்க அது உதவுகிறது.

மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிப் போடலாமா?

எது என்று தெரிந்து போட்டால் சரி. மூன்று வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

செயற்கைக் கண்ணீர்: கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்று அட்டையில் இருக்கும். ஈரம் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. பல பாட்டில்களில் கெடாமலிருக்க பென்சால்கோனியம் குளோரைடு என்ற பொருள் சேர்த்திருப்பார்கள். நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் அந்தப் பொருளே கண்ணை உறுத்தும், அது சேர்க்காத வகையைக் கேளுங்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். பெரும்பாலான பாட்டில்கள் ஒரு மாதம்தான் தாங்கும்.

சிவப்பை எடுக்கும் மருந்து: நாஃபசோலின் போன்றவை ரத்தக் குழாயைச் சுருக்கி, பத்து நிமிடத்தில் கண்ணை வெள்ளையாக்கும். விட்டதும் முன்பைவிடச் சிவக்கும். கல்யாண வீட்டுக்குப் போகும் அன்று ஒரு தடவை சரி. தினப்படி வேண்டாம்.

ஸ்டீராய்டு: டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்களைக் கண்டால் நிறுத்துங்கள். “போன தடவை டாக்டர் கொடுத்தது, உடனே கேட்டுது” என்று பழைய சீட்டைக் காட்டி வாங்குபவர்களைக் கடையில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடனே கேட்கத்தான் செய்யும். மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணழுத்தம் ஏறும், கண்புரையும் வரும். கண்ணழுத்தத்தால் போன பார்வை திரும்புவதில்லை, போவதும் வலி இல்லாமல் போகும். சாதாரண எரிச்சலுக்கு இதைப் போட்டுப் பார்வையை அடகு வைப்பது எனக்குத் தாங்கவே முடியாத அசட்டுத்தனம்.

நந்தியாவட்டைப் பூ, வெள்ளரிக்காய், விளக்கெண்ணெய், கேரட்?

மூடிய இமை மேல் கழுவிய நந்தியாவட்டையை வைத்துப் படுப்பது எங்கள் பாட்டி வைத்தியம், எனக்கும் பிடிக்கும். குளிர்ச்சி, பத்து நிமிடம் கண் மூடிய ஓய்வு, இரண்டும் நிஜம். வெள்ளரித் துண்டும் அப்படியே. பூவைப் பிழிந்து சாற்றைக் கண்ணுக்குள் விடுவது மட்டும் கூடவே கூடாது. விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், ரோஸ் வாட்டர் எதுவானாலும் இதே பதில்தான். சுத்தம் செய்யப்படாத எதுவும் கண்ணுக்குள் போனால் கிருமித் தொற்றுக்கு வழி. உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது.

முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் இருப்பது உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. அது குறைந்தால் மாலைக்கண் வரும், கண் வறளும். குறையில்லாதவர் கூடுதலாகச் சாப்பிட்டால் திரை அசதி போகாது. கீரை நல்லது, சாப்பிடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பலன் தந்தது வெந்நீர் ஒத்தடம். சுத்தமான துணியைக் கை பொறுக்கும் சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் ஐந்து முதல் பத்து நிமிடம். ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். இமை ஓரத்துச் சுரப்பிகளில் உறைந்திருக்கும் எண்ணெய் இளகும். காலையில் இமையோரம் பொருக்குத் தட்டுபவர்களுக்கு இது கைகண்ட வழி.

காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு வேலை செய்யலாமா?

செய்யலாம், சீக்கிரம் காயும். வேலை நாளில் பாதி நேரமாவது கண்ணாடிக்கு மாறுங்கள். லென்ஸோடு தூங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம்.

பிள்ளைகள் எந்நேரமும் கைப்பேசியில். அவர்களுக்கும் வெறும் அசதிதானா?

இங்கே என் குரல் மாறும். வளரும் பிள்ளைகளின் கண் நீளவாக்கிலும் வளர்கிறது. அளவுக்கு மீறி நீண்டால் அதுதான் கிட்டப்பார்வை. நீண்டது திரும்பச் சுருங்காது. அதிக பவர் உள்ள கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரைப் பிரச்சினைகளும் கூடுதல். 2050-க்குள் உலகில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016-ல் ஒரு மதிப்பீடு வந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், கிட்டத்தில் பார்ப்பதைக் குறைப்பதோடு, வெளியே திரிவதும் பெரிதாக உதவுகிறது. 2008-ல் வெளியான ஒரு ஆய்வு, சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறேழு வயதுக்காரர்களை, ஒப்பிட்டது. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் ஒன்றும் குறைவாகப் படிக்கவில்லை. வித்தியாசமாக எடுத்து நின்றது வெளியில் இருந்த நேரம்: சிட்னியில் வாரத்துக்கு சுமார் 14 மணி நேரம், சிங்கப்பூரில் சுமார் 3. தைவான் 2010-ல் பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டது. வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைபாடு 2012-லிருந்து இறங்கத் தொடங்கியது.

பகல் வெளிச்சத்தின் பலம்தான் காரணம் என்று கருதப்படுகிறது. மர நிழலில் நின்றாலும் அது வீட்டு ட்யூப்லைட்டைவிடப் பல மடங்கு. ஆகவே கைப்பேசியைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல், பந்தைக் கையில் கொடுத்துத் தெருவுக்கு விரட்டுங்கள். வெயில் தாழ்ந்த பின் போனாலும் சரி. டியூஷன் விட்டு டியூஷன் ஓடும் பிள்ளைக்கு இது எங்கே வாய்க்கும் என்று கேட்டால், நியாயமான கேள்வி, என்னிடம் விடை இல்லை.

இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சோறு ஊட்டக் கைப்பேசி காட்டும் வீடுகளுக்கு இது கசக்கும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

திடீரென்று பார்வை குறைந்தால். கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், பூச்சி பறப்பது போலப் புள்ளிகள் சட்டென்று பெருகினால், ஒரு பக்கம் திரை இறங்கியது போல மறைத்தால். கடும் வலியோடு கண் சிவந்தால். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால். எதுவும் இரண்டு இரண்டாகத் தெரிந்தால். இவை கம்ப்யூட்டரால் வருவன அல்ல, அன்றே போக வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் எரிச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாவையை விரித்துப் பார்க்க மருந்து விடுவார்கள், சில மணி நேரம் கூசும், வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நமக்கு இதில் வசதிக்குக் குறைச்சல் இல்லை. 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1976-ல் மதுரையில் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் இன்று பல சிற்றூர்களில் பார்வை மையம் வைத்திருக்கிறது. பெரிய ஊருக்கு வந்தால்தான் கண் பார்க்க முடியும் என்ற காலம் போய்விட்டது.

போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

“கண் எரியுது டாக்டர்” என்றால் சொட்டு மருந்தோடு திரும்பி வருவீர்கள். எத்தனை மணி நேரம் திரை, எந்த நேரத்தில் தொந்தரவு கூடுகிறது, ஏசி எங்கே இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் (ஒவ்வாமைக்கும் சளிக்கும் போடும் சில மாத்திரைகள் கண்ணை வறட்டும்) என்று சொல்லுங்கள். பழைய கண்ணாடிகளை எல்லாம் எடுத்துப் போங்கள். முக்கியமாக, எப்போதும் உட்காரும் விதத்தில் உட்கார்ந்து, புருவத்திலிருந்து திரை வரை எவ்வளவு தூரம் என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஏமாற்றக் கூடாது. டேப் கிடைக்காவிட்டால் பூக்கட்டும் நூலால் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துப் போகலாம். நான் அப்படித்தான் சட்டைப்பையில் நூலோடு போய் நின்றேன். டாக்டர் சிரித்துக்கொண்டே ஸ்கேலை எடுத்து அளந்தார், 58 சென்டிமீட்டர்.